ஒரு கண் போனால் எத்தனை சதவீதம்? பார்வைக் குறைபாட்டுச் சான்றின் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட். கவாத்து வெட்டும்போது தேயிலைக் குச்சி ஒன்று தெறித்து, எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரின் வலது கண்ணில் பட்டது. உறுத்தல்தானே, போய்விடும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டார். அப்புறம் கடையில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி ஊற்றினார். கருவிழியில் புண் வந்து, ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

"ரெண்டு கண்ணுல ஒண்ணு போச்சு தம்பி. அப்ப அம்பது சதவீதம் தரணும்ல?" என்று சான்றிதழை நீட்டினார். அதில் 30 என்று இருந்தது.

அந்த 30 தவறில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நல்ல கண்ணைத்தான் முதலில் பார்க்கிறது, அதுவும் கண்ணாடி போட்ட பிறகு. நல்ல கண்ணில் பார்வை 6/18 அல்லது அதைவிடத் தெளிவாக இருந்தால், மற்ற கண் முழுவதும் போயிருந்தாலும் 30 சதவீதத்தைத் தாண்டாது. அரசுச் சலுகைகளில் பெரும்பாலானவை 40-இல் தொடங்குகின்றன. தேயிலைச் சரிவில் ஒற்றைக் கண்ணோடு கால் வைத்து இறங்குகிறவருக்குப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதே சட்டென்று பிடிபடாது. அந்தச் சிரமத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

6/18 என்றால் என்ன? சாதாரணக் கண் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில் நின்றால்தான் படிக்க முடிகிறது என்று பொருள். கீழே உள்ள எண் கூடக் கூடப் பார்வை குறைவு. இரண்டு கண்ணும் 6/24-இலிருந்து 6/60-க்குள் இருந்தால் 40 சதவீதம். நல்ல கண் அந்த அளவில் இருந்து, மற்றது 3/60-க்கும் கீழே போயிருந்தால் 60. நல்ல கண்ணே 3/60-க்குக் கீழே என்றால் சட்டம் அதைப் பார்வையின்மை என்கிறது.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. எழுத்து தெரிவது மட்டும் பார்வை இல்லை, பார்வைப் பரப்பும் கணக்கில் வரும். கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். பெரும்பாலும் வலி இருக்காது. அந்த நோயாளி சுவரில் உள்ள கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவார். ஆனால் பாதை ஓரத்தில் நிற்கும் காட்டுமாடு அவருக்குத் தெரியாது. நல்ல கண்ணில் பரப்பு 40 டிகிரிக்கும் கீழே சுருங்கியிருந்தால், எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அது குறைபார்வைதான். 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை. எனவே கிளாக்கோமா உள்ளவர்கள் "ஃபீல்டு டெஸ்ட் எடுத்தீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேட்டு, அந்தப் பார்வைப் பரப்புச் சோதனைத் தாளையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

கண்புரை கதை வேறு. கொழுந்து எடுக்கிற அம்மாமார் பலர் "புகை அடிச்ச மாதிரி இருக்கு, மொட்டும் இலையும் பிரிச்சுத் தெரியல" என்பது பெரும்பாலும் இதுதான். வயதோடு வருவது. கடல்மட்டத்திலிருந்து மேலே போகப் போக, புரைக்கு ஒரு காரணமான புற ஊதாக் கதிரும் கூடும். ஊட்டி இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். குளிர்கிறதே என்று வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளாமல், விளிம்பு வைத்த தொப்பி போட்டுக்கொள்வது நல்லது. புரைக்குச் சான்றிதழ் தேடி அலைய வேண்டாம், அறுவை சிகிச்சைதான் வழி. 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் லென்ஸ் உட்பட இலவசம். ஊரில் நடக்கும் முகாமில் பரிசோதனை மட்டும்தான் இருக்கும், அறுவை சிகிச்சை ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். முகாமிலேயே முடித்துவிடுவார்கள் என்று நினைத்து வருகிறவர்கள் இதைக் கேட்டதும் பயந்து திரும்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது உங்கள் பாதுகாப்புக்காகத்தான்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, சரி. ஆனால் விழித்திரையை வருடம் ஒருமுறை நீங்கள்தான் போய்க் காட்டிக்கொள்ள வேண்டும். பார்வை மங்கும்வரை காத்திருந்தால், போனதில் பாதிகூடத் திரும்பாமல் போகலாம். சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள்; சில மணி நேரம் கண் கூசும். கூடலூர், பந்தலூரிலிருந்து போகிறவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால் (குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்), உங்களுக்குச் சொன்ன கண் சிகிச்சை அதில் சேருமா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழுக்கு மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், போட்டோ, பழைய சிகிச்சைச் சீட்டுகள் எல்லாம் தயாராக இருக்கட்டும். குழப்பம் இருந்தால் ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 40-க்குக் கீழே வெள்ளை, 40-இலிருந்து மஞ்சள், 80-இலிருந்து நீலம். 40-ஐத் தொட்டவர்கள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு வேலைகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் பார்வைக் குறைபாட்டுக்கென்றே 1 சதவீதம் இருக்கிறது. உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம். பரிசோதனைக்குப் போகும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்கள். கழற்றி வைத்துவிட்டுப் போனால் சதவீதம் கூடாது, இரண்டாவது முறை மலை ஏறி இறங்குவதுதான் மிச்சம்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 30-ஐ 50 ஆக்க வழியில்லை. ஆனால் கருவிழித் தழும்புக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. கண் தானத்தில் கிடைக்கும் கருவிழியை வைத்துத் தைப்பார்கள். அவருக்கு அது பொருந்துமா என்று கேட்க அடுத்த வாரம் ஊட்டிக்குப் போகிறோம். இப்போது கவாத்துக்குப் போனால் பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் கத்தியைத் தொடுகிறார்.