டெம்பரேச்சர் கன்ட்ரோலர்: வெப்பநிலைக் கட்டுப்படுத்தி

எஃகைச் சூடாக்கிப் பதப்படுத்தும் பழைய ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்கு டிஜிட்டல் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் பொருத்துவது இன்று சிறு பட்டறையிலும் முடிகிற வேலை. உலைக்குள் இருக்கும் சூட்டை அளந்து, நாம் வைத்த இலக்கோடு ஒப்பிட்டு, ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி அது. இந்த மூன்றில் ஒப்பிடுவதுதான் அதன் உயிர். சொல்லின் பிறப்பும் அங்கேதான் இருக்கிறது.

கன்ட்ரோல் என்பதன் மூலம் இடைக்கால லத்தீனின் ‘கான்ட்ராரோட்டுலஸ்’. கான்ட்ரா என்றால் எதிர், ரோட்டுலஸ் என்றால் சுருள். ஒருவர் கணக்கு எழுதிய சுருளுக்கு இன்னொருவர் தனியாக ஓர் எதிர்ச்சுருள் வைத்திருந்து, இரண்டையும் ஒத்துப் பார்ப்பார். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சிஏஜியின் பதவிப் பெயரில் வரும் ‘கம்ப்ட்ரோலர்’ இதே சொல்தான். கணக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு குழம்பியதால் எழுத்து மாறிப்போனது. அடக்கி ஆள்வது என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது.

கன்ட்ரோலரின் முகப்பில் மேலே பிவி, கீழே எஸ்வி என இரண்டு எண்கள் ஓடும். பிவி உலையின் இப்போதைய வெப்பநிலை, எஸ்வி நாம் வைத்த இலக்கு. பழைய உலைகள் பலவற்றில் 1 முதல் 10 வரை எண் போட்ட ஒரு குமிழ் மட்டுமே உண்டு. அதற்குள் ஓர் ஈருலோகப் பட்டை தானே சூடாகி வளைந்து மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும். உலை 700 டிகிரியில் இருக்கிறதா, 900 டிகிரியில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதை ரெகுலேட்டர் என்பது சரி. கன்ட்ரோலர் என்பது பொருந்தாது.

இந்த வித்தியாசம் எஃகில் தெரிந்துவிடும். கருவிகள் செய்யப் பயன்படும் ஓஎச்என்எஸ் எஃகைச் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி எண்ணெயில் முக்குவார்கள். அப்புறம் 200 டிகிரி அளவில் மறுபடி சூடாக்கி, எளிதில் உடையும் தன்மையைக் குறைப்பார்கள்; அதுதான் டெம்பர் செய்வது. முதல் சூடு மிஞ்சினால் உள்ளே படிகமணிகள் பருத்து எஃகு எளிதில் உடையும். குறைந்தால் கடினமே ஏறாது. டெம்பர், டெம்பரேச்சர் இரண்டும் அளவாகக் கலப்பதைச் சொல்லும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. தமிழில் ‘பதம்’ அந்த டெம்பருக்கு அழகாகப் பொருந்துகிறது.

டெம்பரேச்சருக்கு வெப்பநிலைதான் சொல். சிலர் ‘வெப்பக் கட்டுப்படுத்தி’ என்று சுருக்குகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. வெப்பம் ஆற்றல், வெப்பநிலை அளவீடு. கருவி ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டாவதைத்தான். ஆகவே ‘வெப்பநிலைக் கட்டுப்படுத்தி’ என்று முழுதாகச் சொல்வதே சரி. டிஜிட்டலுக்கு எண்ணிம, இலக்கமுறை என இரண்டும் வழங்குகின்றன. எதை முன்னால் சேர்த்தாலும் சரி.

மின்சாரத்தை எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்று கன்ட்ரோலர் போடும் கணக்கான பிஐடி என்பது விகிதம், தொகையீடு, வகையீடு. இலக்கிலிருந்து இப்போது எவ்வளவு விலகல், இதுவரை சேர்ந்த விலகல் எவ்வளவு, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற மூன்று கேள்விகள். கப்பலின் சுக்கானைத் தானாக இயக்குவது பற்றி 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி எழுதிய ஆய்வில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தன.

அளந்து சொல்லும் தெர்மோகப்பிளுக்குத் தமிழில் ‘வெப்ப இரட்டை’; இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பு என்பதால் அந்தப் பெயர். கே வகையில் ஒரு டிகிரிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட்தான். கன்ட்ரோலரில் அதன் கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் உலை சூடேற ஏற பிவி இறங்கும். கருவியோ இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்து மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முதன்முதலாக மின்சாரம் கொடுத்ததும் அந்த எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று நின்று பார்த்துவிடுங்கள். ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணுச் சுவிட்சான எஸ்எஸ்ஆர் பழுதானாலும் பெரும்பாலும் மின்சாரம் ஓடும் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். அதனால் தனி வெப்ப இரட்டையோடு ஓர் உச்சவரம்புத் துண்டிப்பானும், அது இயக்கும் பெரிய மின் சுவிட்சான கான்டாக்டரும் கட்டாயம் வேண்டும்.