நச்சாவி அன்று, நச்சுத்திவலை

நீலப்பச்சைப் பாசி படர்ந்த ஏரிகளைப் பற்றிய தமிழ் எச்சரிக்கைக் குறிப்புகளில், அப்பாசியின் நஞ்சைச் சுமந்து மூச்சு வழியே உடலுக்குள் செல்வதை ‘நச்சாவி’ என்று எழுதுவதுண்டு. ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் ஏரோசால் (aerosol). அதை ஆவி என்பது பிழை. படிப்பவரின் உடல்நலத்தோடு விளையாடும் பிழை.

காற்றைக் குறிக்கும் கிரேக்க வேரும், கரைசலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முன்பகுதியும் ஒட்டி, முதல் உலகப் போர்க் காலத்தில் பிறந்தது ஏரோசால். காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துளிகளும் துகள்களுமே அதன் பொருள்.

ஆவி என்பதோ ஒரு பொருள் வளிமமாகவே, அதாவது வாயுவாகவே, மாறிவிட்ட நிலை. இப்பாசியின் நச்சுகளுள் பலரும் அறிந்த மைக்ரோசிஸ்டின், ஏழு அமினோ அமிலங்கள் வளையமாக இணைந்த பெரிய மூலக்கூறு. அது ஆவியாவதில்லை, நீரைக் கொதிக்கவைத்தாலும் அழியாமல் அடியில் தங்கிவிடும். அலை உடையும்போதும், குமிழி வெடிக்கும்போதும், படகு விரையும்போதும், அந்நீரைத் தெளிப்பான்கள் வயலில் இறைக்கும்போதும் தெறிக்கும் துளிகளில் ஏறித்தான் அது மூக்கையும் தொண்டையையும், துளி மிகச் சிறியதானால் நுரையீரலின் ஆழத்தையும் சென்றடைகிறது. பாசி மண்டிய நீரில் பொழுதுபோக்கியவர்களின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளில் இந்நச்சு காணப்பட்டிருக்கிறது. இத்தகைய நீரின் அருகே இருந்தவர்களுக்கு மூக்கொழுகல், தொண்டை எரிச்சல், இருமல், மூச்சிரைப்பு ஆகியவை வரக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது இன்னும் கடுமையாகலாம்.

‘நச்சாவி’ செய்யும் பெருந்தீங்கு வேறொன்று. இப்பாசிகளில் பல வெளியிடும் ஜியோஸ்மின் என்ற பொருள் உண்மையாகவே ஆவியாகி மண்வாடை வீசும். ஆனால் அது நஞ்சன்று. ஆவி என்று படித்தவர் வாடையையே நஞ்சாகக் கருதுவார். வாடை இல்லாத நாளில் அச்சமின்றி நீரில் இறங்குவார். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ‘நச்சு’ என்ற அடையை ஒட்டிவிடும் மொழிபெயர்ப்பாளர்கள், அப்பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று ஒரு முறையேனும் கேட்டிருந்தால் இச்சொல் அச்சேறியிருக்காது. தூய தமிழாக இருப்பது மட்டும் ஒரு சொல்லைச் சரியாக்கிவிடாது. இந்த ‘நச்சாவி’யை விட, ஏரோசால் என்று அப்படியே எழுதுவதே நேர்மையானது.

எனினும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தெறித்துச் சிதறும் சிறுதுளிக்குத் திவலை என்ற சொல் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. ‘தூசிப்படலம்’ என்று சிலர் எழுதுவது உலர்ந்த துகளையே நினைவூட்டுவதால் இங்கே பொருந்தாது. கரையில் காய்ந்த பாசிப்படிவு காற்றில் பறக்கும் இடத்தில் மட்டும் நச்சுத்தூசி என்று தனியே சொல்லலாம். மற்ற இடங்களில், ‘அலையும் காற்றும் மிகுந்த வேளையில் கரையை விட்டு விலகியிருங்கள், நச்சுத்திவலை மூச்சில் கலக்கக்கூடும்’ என்று எழுதினால் எவருக்கும் விளங்கும்.