பிரித்தெடுப்பி அல்ல, வைரச்சத்து

மரம் உக்காமலும் கறையான் அரிக்காமலும் காக்கும் இயற்கைச் சேர்வைகளைப் ‘பிரித்தெடுப்பிகள்’ என்று சொல்வதை மட்டக்களப்பில் இந்த மாதம் மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டேன். இனிப் பொறுப்பதற்கில்லை.

ஆங்கிலத்தில் எக்ஸ்ட்ராக்டிவ்ஸ், வெளியே இழுத்தல் என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்தது. மரத்தூளிலிருந்து கரைப்பானில் கரைந்து வெளிவருபவை என்பதே பொருள்.

வடிகட்டி வடிகட்டும், கடத்தி கடத்தும். பிரித்தெடுப்பி எதையாவது பிரித்தெடுக்கத்தானே வேண்டும்? தேக்கைக் கறையானிடமிருந்து காக்கும் தெக்டோகுயினோன் எதைப் பிரித்தெடுக்கிறது? பிரித்தெடுக்கப்படுவதே அதுதான்! அந்தப் பெயர் சொக்ஸ்லெட் கருவிக்குப் பொருந்தும். பாலின் கொழுப்பை அளக்க 1879இல் வந்த கண்ணாடிக் கருவி அது. கரைப்பான் கொதித்து ஆவியாகி, குளிர்ந்து மரத்தூளின்மேல் சொட்டி, நிரம்பியதும் வழிந்திறங்கும்; மணிக்கணக்கில் இப்படியே கழுவும். பின்பு கரைப்பானைப் போக்கி, எஞ்சியதை நிறுத்து, உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். அந்த எடையில் சீனி போன்றவையும் சேர்ந்துவிடும்; ஆகவே ஆய்வுகூடத்து மொத்தத்துக்குக் ‘கரைவன’ என்ற பெயர் போதும்.

சிலர் எழுதும் ‘மரச்சாறு’ இதைவிட மோசம். சாறு ஓடுவது மரத்தின் வெளிப்புறத்து வெளிறிய பகுதியான வெள்ளையில். மாச்சத்தும் சீனியும் அங்கேதான், பூச்சிக்கு விருந்தும் அங்கேதான். காவல்காரனுக்குச் சமையற்காரன் பெயரா?

எங்கள் ஓடாவிமாரை, அதாவது தச்சர்களை, கேட்டிருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. முதிரையோ பாலையோ, வெள்ளையைக் கழித்துவிட்டு, உள்ளே இறுகிய வைரத்தைத்தான் எடுப்பார்கள். வைரம் பாய்வது என்பதே, உயிருள்ள கலங்கள் மடியும்போது இச்சேர்வைகள் மரத்தில் ஊறித் தங்குவதுதான். ஆகவே காக்கும் சேர்வைக்கு வைரச்சத்து என்பேன். இரண்டும் வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். அகக்காழ், அதாவது உள்வைரம், உடையதே மரம் என்று தொல்காப்பியம் சொல்வது எனக்கும் தெரியும். ஆனால் ‘காழ்ப்பொருள்’ என்றால் மரம் விற்கும் மரக்காலையில் யாருக்கு விளங்கும்? காழ்ப்புணர்ச்சிதான் நினைவுக்கு வரும்.

1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே, அகராதியை மட்டும் புரட்டிச் சொல் செய்கிறார்கள்.

போன கிழமை ஒரு துண்டுப்பிரசுரத்தைத் திருத்திக் கொடுத்தேன். அச்சில் ‘வைரப் பிரித்தெடுப்பிகள்’ என்று வந்திருக்கிறது.