அளவுகோலைச் சோதிப்பவருக்கும் ஒரு பொன்னாடை

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ கல்விப் பரிசளிப்பு நடந்தால், ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ஏ என்று எண்ணித்தான் பரிசு. பட்டதாரிகளுக்கும் ஒரு கேடயம் உண்டு. அந்தப் பிள்ளை என்ன ஆய்வேடு எழுதியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தப்பித் தவறி யாராவது கேட்டு, “உளவியல் கேள்வித்தாள் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்த்தேன்” என்று பதில் வந்தால், “அதனால என்னம்மா பயன்?” என்பார்கள். உளவளத் துணையாளராக வேலை செய்யும் எனக்கு அந்தப் பயன் தினமும் மேசைமேல் கிடக்கிறது.

மனச்சோர்வு இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள உலகம் முழுவதும் பயன்படும் கேள்வித்தாள் பி.எச்.கியூ-9. 2001இல் வெளிவந்தது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும், இல்லவே இல்லை என்றால் 0, ஏறக்குறைய தினமும் என்றால் 3. மொத்தம் 27. கூட்டுத்தொகை 10ஐத் தொட்டால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம்.

இப்போது தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போகும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். இவர் தனி ஒருவரில்லை, பலர் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியுமுன்பே எழுந்துவிடுவார். தோள்வலியில் ராத்திரி இரண்டு மூன்று தடவை விழிப்பு வரும். தூக்கக் கேள்விக்கு 3. “சோர்வா இருந்துச்சாக்கா?” என்றால், “சோர்வில்லாத நாளு ஏதுப்பா?” என்று சிரிப்பார். அதற்கும் 3. வேலைக்காட்டில் பசியாற நேரமில்லாமல் பசியே செத்துப்போயிருக்கும், அங்கே ஒரு 2. தொலைக்காட்சி பார்க்க உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை, தூங்கி வழிகிறார், இன்னொரு 2. ஆக 10 வந்துவிட்டது. இத்தனைக்கும் ஆர்வம் குறைந்ததா, மனம் துவண்டதா என்று கேட்கும் முதல் இரண்டு கேள்விகளுக்கும் அவர் சொன்னது 0.

இவருக்கு மனச்சோர்வா, வேலைச் சோர்வா? நேரில் உட்கார்ந்து பேசினால் எனக்குப் பெரும்பாலும் பிடிபடும். அரைநாளில் ஒரு தோட்டத்தையே கேட்டு முடித்து, விழுக்காடு போட்டு அறிக்கை எழுதுபவருக்குப் பிடிபடாது. அதே சமயம், “தோட்டத்து ஆளுங்க எல்லாருக்கும் உடம்புவலி இருக்கும்” என்று தள்ளிவிடுவதும் ஆபத்து. சோர்வின் பின்னால் உண்மையான நோய் ஒளிந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். (ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. மொத்தமே 1 வந்து, அந்த 1 அங்கிருந்து வந்தாலும், அன்றைக்கே உட்கார்ந்து பேசாமல் ஒருவரை அனுப்பக்கூடாது.)

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பால் ஸ்டோரில் வாளியின் எடையோடு வேலை முடியாது. அதில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தான் கணக்கு எழுதுவார்கள். கேள்வித்தாளிலும் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க ஆள் வேண்டும். ஆய்வுமுறை பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர் செய்வது அதைத்தான்.

எப்படிச் செய்வார்? மனச்சோர்வு ஒரே அளவில் உள்ள தோட்டத் தொழிலாளர், மற்றவர் என்று இரண்டு தரப்பினரை ஒப்பிட்டு, ஒரு குறிப்பிட்ட கேள்வி மட்டும் தோட்டத் தொழிலாளிக்குக் கூடுதல் புள்ளி தருகிறதா என்று புள்ளியியல் முறையில் சோதிக்கலாம். இதற்குத் தரப்புக்கு 200 பேராவது வேண்டும் என்பார்கள். முதுகலை மாணவருக்கு அது சிரமம்தான். சரி, பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யலாம். அதுவும் முறையான ஆய்வுதான். கேட்கும் இடத்தையும் சோதிக்கலாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் தண்டல் பக்கத்தில் நிற்கும்போது நிரப்பிய தாளில் பூச்சியமாகவே இருக்கும். அதே ஆள் வீட்டு வாசலில் உட்கார்ந்தால் வேறு கதை சொல்வார்.

ஆனால் என்னிடம் வரும் பல ஆய்வேடுகளில் இந்த இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: “குரோன்பாக் ஆல்பா 0.7ஐத் தாண்டியது, ஆகவே கருவி நம்பகமானது.” 1951இல் லீ குரோன்பாக் எழுதிய கட்டுரையால் பரவிய அந்த எண், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் காட்டும். மேலே சொன்ன அக்காவின் தூக்கமும் சோர்வும் பசியும் ஒத்துத்தான் போகும். உழைப்பை அளந்துகொண்டே மனச்சோர்வு என்று பெயர் வைத்தாலும் ஆல்பா நன்றாகவே வரும். இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது என்பதை மறைப்பானேன்.

வெளிநாடுகளில் இந்த வேலைக்கென்றே தனிப் பரிசுகள் இருக்கின்றன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 5ஆவது பிரிவு ஆய்வுமுறைகளுக்கானது. அது தரும் முனைவர் ஆய்வேட்டுப் பரிசு ஒன்றுக்கு ஆன் அனஸ்தாசி பெயர். உளவியல் சோதனைகள் பற்றி அவர் 1954இல் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது. ஜெர்மன் உளவியல் சங்கத்தின் ஆய்வுமுறைப் பிரிவு குஸ்டாவ் லீனர்ட் பெயரில் ஒரு பரிசு தருகிறது. உளவியல் அளவீட்டுக்கென்று 1935இல் தொடங்கிய சைக்கோமெட்ரிக் சொசைட்டியும் ஆய்வேட்டுக்குப் பரிசு வைத்திருக்கிறது. அந்தப் பிரிவுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், இது வெளியில் கைதட்டல் வாங்காத வேலை என்று. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மறுபடி தெளிவான முடிவைத் தந்தது. முறையைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

தஞ்சோங் மாலிமிலோ பீடோங்கிலோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, தரவு திரட்டத் தோட்டத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தலைப்பு கவர்ச்சியாக இல்லையே என்று முறை சார்ந்த ஆய்வைக் கைவிடாதீர்கள். யார் மறுத்தார்கள், எந்தக் கேள்வியில் தயங்கினார்கள், எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள் என்பதை முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள். பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது. பரிசுக்கு விண்ணப்பிப்பதானால் விதிகளை முன்கூட்டியே படித்து, மேற்பார்வையாளரிடமும் சொல்லி வையுங்கள்.

அப்புறம் பரிசளிப்புக் குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கு: அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஆய்வேட்டுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். நடுவர்கள் உளவியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. மேடைக்கு வருமுன் அந்தப் பிள்ளையிடம், “உன் அளவுகோல் எங்கே தவறலாம்? நீ கேள்வி கேட்டவர்களிடம் முடிவைத் திரும்பப் போய்ச் சொன்னாயா?” என்று கேட்டால் போதும்.