மாரிக் காலத்து அடுப்பும் புகை முட்டிய குசினியும்

ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் எங்கள் நெஞ்சு நோய்க் கிளினிக்குக்கு வருகிற ஆட்கள் மாறிவிடுவார்கள். மற்ற மாதங்களில் புகைபிடிக்கிற ஆண்கள்தான் அதிகம். மாரியில் ஐம்பது, அறுபது வயது அம்மாமார் வருகிறார்கள். விடிய எழும்பினால் இருமல், படலையடிக்குப் போய் வருவதற்குள் இளைப்பு, படுத்தால் நெஞ்சுக்குள் விசில் மாதிரிச் சத்தம். "சுருட்டு, பீடி ஏதும் பழக்கம் இருந்ததோ அம்மா?" என்று கேட்டால், "என்ன டொக்டர், என்னைப் பாத்து இப்பிடிக் கேக்கிறியள்?" என்று முகம் சுருங்கும். நான் அடுத்துக் கேட்பது, "வீட்டில என்ன அடுப்பு?" அனேகமாகப் பதில் அங்கேதான் இருக்கும்.

விறகடுப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்கு இதை எழுதவில்லை. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்துப் போய் எத்தனையோ வீடுகள் திரும்ப விறகுக்குப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், சில வீடுகள் அதற்குப் பிறகு காஸ் பக்கம் திரும்பவே இல்லை, விலையைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நான் சொல்ல வருவது நெருப்பை எப்படி எரிக்கிறோம் என்பதைப் பற்றி. கொழுந்து விட்டு எரிகிற நெருப்பை விட, எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கிற நெருப்புத்தான் நெஞ்சைக் கெடுக்கிறது. மாரியில் எங்கள் குசினிகளில் நாள் முழுக்க நடப்பது இந்த இரண்டாவதுதான்.

ஏன் என்றால், மழையில் ஒருமுறை அணைந்த அடுப்பைத் திரும்ப மூட்டுவது பெரும் பாடு. அதனால் காலைச் சமையல் முடிந்ததும் ஒரு மொத்தக் கட்டையை உள்ளே தள்ளி, சாம்பலால் மூடி, மத்தியானம் வரை தணலாக வைத்திருப்பார்கள். தேத்தண்ணிக்கு வெந்நீரும் சூடாக இருக்கும். சாரல் அடிக்கிறது என்று யன்னலும் கதவும் சாத்தியிருக்கும். கட்டையோ ஈரம். அந்த ஈரத்தை ஆவியாக்கவே கணிசமான சூடு போய்விடும், மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் பற்றி எரிவதற்குச் சூடு போதாது, அவை அப்படியே புகையாக வெளியே வரும். எரிந்திருக்க வேண்டிய விறகின் ஒரு பகுதிதான் அந்தப் புகை. நெஞ்சும் கெடுகிறது, விறகும் வீணாகிறது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. கனடா, நோர்வே என்று போயிருக்கிற எங்கள் சனங்களில் சிலர் வீட்டைச் சூடாக்க இரும்பு விறகடுப்பு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வகைக்குள் தேன்கூட்டு வடிவில் ஒரு தட்டு இருக்கும், பலேடியம் அல்லது பிளாற்றினம் பூசிய ஊக்கி அது. சாதாரணமாகப் புகை பற்றி எரிய 600 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும், ஊக்கி இருந்தால் 260 பாகையளவிலேயே எரியத் தொடங்கிவிடும். ஆனால் அந்த 260ஐத் தொடாவிட்டால் அந்தத் தட்டால் ஒரு பயனும் இல்லை. கடும் குளிரில் அடுப்பு நன்றாக எரியும், சிக்கல் வராது. இலையுதிர் காலத்திலும் பனி விலகும் வசந்தத்திலும், குளிர் கொஞ்சம்தானே என்று காற்றுத் துவாரத்தை நெருக்கி நெருப்பை அமர்த்தி வைப்பார்கள். ஊக்கி சூடேறாது, புகைக்கூட்டுக்குள் ஒட்டும் கறுப்புத் தார் படியும், பிறகு ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். அங்கே சொல்லிக்கொடுப்பதும் இதுதான்: சின்ன நெருப்பாக மூட்டு, நன்றாகச் சூடாக எரி, முடிந்ததும் அணையவிடு.

புகைக்கூடு இழுப்பதும் சூட்டினால்தான். உள்ளே சூடு, வெளியே குளிர் என்ற வித்தியாசம் பெரிதாக இருந்தால் அது தானாக இழுக்கும். எங்களுக்கு வெளியில் மாரியிலும் 25 பாகைக்கு மேல், ஆகவே கூடு சூடேறும்வரை புகை குசினிக்குள்தான் திரும்பும். பெரிய கட்டையை வைப்பதற்கு முன் ஒரு பிடி காய்ந்த காவோலையையோ தென்னோலையையோ கூட்டின் வாய்க்குக் கீழே கொழுந்தாக எரித்துப் பாருங்கள், கூடு சூடாகி இழுக்கத் தொடங்குவது கண்ணுக்கே தெரியும். கூடே இல்லாத குசினி என்றால், மழை வந்தாலும் காற்றுக்கு எதிர்ப்பக்க யன்னலையாவது திறந்து வையுங்கள்.

விறகைச் சித்திரை, வைகாசியிலேயே கொத்தி, நிலம் படாமல், மேலே மட்டும் மூடி, பக்கம் திறந்திருக்க அடுக்குங்கள். நாலு பக்கமும் பொலித்தீன் சுற்றினால் உள்ளே வியர்த்து ஊறிப்போகும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று சத்தம் தரும், ஈரமானது மந்தமாக விழும். மாரிக்கு மெல்லிய விறகு, சிரட்டை, ஊமல் என்று ஒரு சாக்கு தனியாகக் காய வைத்திருந்தால் திரும்ப மூட்டுவதற்குப் பயப்படத் தேவையில்லை. எண்பதுகளில் இலங்கையில் உருவான அனகி மண் அடுப்பும் நல்ல உதவி. ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கலாம், திறந்த மூன்று கல் அடுப்பை விட விறகும் குறைவு.

அப்புறம் ஒரு பழக்கம், இதைக் கேட்டால் எனக்கு உண்மையில் நெஞ்சு பதறும்: நெருப்புப் பிடிக்கவில்லை என்று கடைப் பையையும் பழைய செருப்பையும் அடுப்பில் போடுவது. அந்தப் புகை மரப்புகையை விட நஞ்சு. பெயின்ற் அடித்த பலகையும் வேண்டாம்.

2022 டிசம்பரில் வெளியிலிருந்து காற்றோடு வந்த தூசியால் யாழ்ப்பாணம் மங்கி, பாடசாலைகளைக்கூட ஒரு நாள் மூடினார்கள். எல்லோரும் மாஸ்க் தேடினோம். சரியான பயம்தான். ஆனால் சாத்திய குசினிக்குள் ஈர விறகு புகையும்போது இருக்கிற காற்று அதைவிட மோசமாகலாம், அதைத் தினமும் பெரும்பாலும் பெண்கள்தான் சுவாசிக்கிறார்கள், மடியில் குழந்தையோடு. வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டது. நாட்பட்ட சுவாசப்பை அடைப்பு நோய், குழந்தைகளுக்கு நியூமோனியா, பிறக்கும் பிள்ளைக்கு நிறைக் குறைவு, கண்ணில் வெண்புரை எல்லாம் இந்தப் புகையோடு சேர்ந்து வருகிறவை. கர்ப்பிணிப் பிள்ளையை அடுப்படியில் நிற்க விடாதீர்கள், மாமியார் சமைத்தாலும் சரி, கணவர் சமைத்தாலும் சரி. இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் பாணி மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிராமல் வந்து காட்டுங்கள், காசநோயா என்றும் பார்க்க வேண்டும். வாயால் இழுக்கிற மருந்துப் பம்ப் தந்தால் பாவியுங்கள், பழகிப்போகும் என்ற பயம் வேண்டாம்.

இன்னொன்று, இது அவசரமானது. மழைக்குளிருக்கு, அல்லது பிள்ளைப்பெற்ற அறையைச் சூடாக்க, தணல் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். தணலில் புகை தெரியாது, ஆனால் காபன் மொனொக்சைட் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இரத்தத்தில் ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒரே அறையில் இருந்த எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வந்தால் சாப்பாட்டைச் சந்தேகிக்க முன் தணலைச் சந்தேகியுங்கள். எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வந்தவர்களிடம் அறைக்குள் தணல் இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், விரலில் மாட்டிப் பார்க்கும் சாதாரணக் கருவி இந்த நஞ்சில் ஒட்சிசன் சரியாக இருப்பதாகவே காட்டும்.