மோவாய்க்குழியைப் ‘பிளந்த தாடை’ ஆக்காதீர்கள்

பிளந்த தாடை என்ற தொடரை இன்னும் ஒரு தடவை கேட்டால் பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். நடிகர்களைப் பற்றிய துணுக்குகளில் வருகிறது, கைப்பேசி மொழிபெயர்ப்பில் வருகிறது, இப்போது என் அக்கா மகளின் தமிழ் வகுப்புப் பயிற்சித்தாளிலும் வந்துவிட்டது: ‘உங்கள் குடும்பத்தில் யார் யாருக்குப் பிளந்த தாடை உள்ளது?’ மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் வளரும் பெண், வீட்டில் கிரியோல்தான் பேச்சு. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துவிட்டு, நம் வீட்டில் யாருக்கு விபத்து நடந்தது என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்தத் தமிழுக்கு அதுதான் பொருள்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சிலருக்கு முகவாயின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வரிப்பள்ளம் இருக்கும், சிலருக்கு விரல் நுனி பதிந்தது போல வட்டமாக ஒரு குழி, இன்னும் சிலருக்கு ஆங்கில ஒய் எழுத்தின் வடிவத்தில் கவைத்த ஒரு கோடு. ஹாலிவுட்டில் கிர்க் டக்ளஸுக்கு இருந்தது, அவர் மகன் மைக்கேல் டக்ளஸுக்கும் இருக்கிறது, படத்தைப் பார்த்தால் அடையாளமே அதுதான். நோய் கிடையாது, காயம் கிடையாது, மருத்துவமும் தேவையில்லை. குழந்தை பிறக்கும்போது கீழ்த்தாடை எலும்பு இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டாகத்தான் இருக்கும், முதல் ஒரு வருடத்துக்குள் இரண்டும் நடுவில் ஒட்டி ஒன்றாகிவிடும். அந்த ஒட்டு முன்பக்கம் எப்படி அமைந்தது, அதன் மேலிருக்கும் தசை இரண்டு பக்கமும் எப்படிப் படிந்தது என்பதைப் பொறுத்து நடுவில் தோல் உள்வாங்கிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

இனி சொல். ஆங்கிலத்தில் இதற்குக் ‘கிளெஃப்ட் சின்’ என்று பெயர். அதில் முதலில் இருப்பது ‘பிளந்த’ என்ற பொருள் தரும் சொல், விறகு பிளக்கிற வினையிலிருந்து வந்தது. தமிழில் அந்த இடத்தின் பெயர் மோவாய். முகவாய்தான் மருவி மோவாய் ஆனது, பகுதி பாதியாகவும் மிகுதி மீதியாகவும் ஆனதைப் போல. பேச்சில் மோவாக்கட்டை, தாவாக்கட்டை. யாழ்ப்பாணத்திலும் நெல்லைப் பக்கமும் நாடி. குழிக்கு விளக்கம் தேவையில்லை. ஆக மோவாய்க்குழி. நாய்க்குட்டி மாதிரி க் சேர்த்து எழுத வேண்டும். சொல் விளக்கம் இதோடு முடிந்தது, ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

தாடை என்பது மெல்லுகிற எலும்பு முழுவதும். காதுக்குக் கீழே தொடங்கி முன்னால் வந்து மறுபக்கக் காது வரை போவது. அதன் முன்முனைதான் மோவாய். இரண்டையும் தமிழன் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. கெஞ்சும்போது பிடிப்பது மோவாய், கோபத்தில் அறைவது தாடை. பிடிக்காதவள் எதிரே வந்தால் மோவாயைத்தான் தோளில் இடித்துக்கொண்டு போவார்கள், தாடையை யாரும் இடித்துக்கொண்டதில்லை. பயிற்சித்தாள் எழுதியவருக்கு ஒரு பாட்டி இருந்திருந்தால், அந்தப் பாட்டி பேரனைத் தூக்கிப் பார்த்ததும் ‘அவங்கப்பன் மோவாக்கட்டைய அப்படியே உரிச்சு வெச்சிருக்கு’ என்று சொன்னதைக் காதால் கேட்டிருப்பார். எங்கள் பாட்டி சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பரம்பரைக் கூறு என்று பாடப்புத்தகம் சொல்வதை உரித்து வைத்திருக்கிறது என்று தமிழ் எப்போதோ சொல்லிவிட்டது, அதுவும் சரியான உறுப்பின் பெயரோடு.

அடுத்தது பிளந்த. தமிழில் பிளந்தது என்றால் ஒன்றாக இருந்ததை ஏதோ ஒன்று இரண்டாக்கிவிட்டது என்று பொருள். விறகு பிளக்கிறோம், கட்சி பிளக்கிறது, ஆச்சரியத்தில் வாயைப் பிளக்கிறோம். உடம்போடு சேர்த்துச் சொன்னால் இன்னும் மோசம். முதுகில் வருகிற கொடிய கட்டிக்கு ராஜபிளவை என்றே பெயர். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு என்று மருத்துவர்கள் சொல்வது பிறவியிலேயே திசு சேராமல் திறந்து கிடக்கிற நிலையை. உலகம் முழுக்க ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது, பால் குடிக்கச் சிரமம், பேச்சில் சிரமம், அறுவை சிகிச்சை வேண்டும். அங்கே பிளவு என்பது சரியான சொல், உண்மையிலேயே பிளவு இருக்கிறது. அதே சொல்லைக் கொண்டுவந்து தோல் லேசாக உள்வாங்கிய ஒரு மோவாய்க்கும் வைத்தால், பச்சைக் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிற தாய் என்ன நினைப்பாள்? சிகிச்சை வேண்டிய ஒன்றுக்கும் முத்தம் கொடுத்துவிட்டுப் போகிற ஒன்றுக்கும் ஒரே சொல்லை வைப்பது எனக்குப் பெரிய பொறுப்பின்மையாகப் படுகிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். ஆங்கிலத்தில் அப்படித்தானே இருக்கிறது, மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டாமா? இருங்கள். ஆங்கிலத்திலேயே கன்னக்குழிக்கு உள்ள சொல்லை மோவாய்க்கும் வைத்துச் சொல்கிற வழக்கும் இருக்கிறது. அப்புறம், மொரீஷியஸில் இருந்துகொண்டு இந்தப் பதிலைச் சொல்ல எப்படி மனம் வருகிறது? நாம் தினமும் வாசிக்கிற பிரெஞ்சில் இதற்குப் பெயர் ஃபோசெத். ஃபோஸ் என்றால் பள்ளம், ஃபோசெத் என்றால் சின்னப் பள்ளம். கன்னத்தில் இருந்தாலும் அதே சொல், மோவாயில் இருந்தாலும் அதே சொல். பிரெஞ்சுக்காரர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார், தமிழர் கன்னத்தில் பார்த்ததைக் கன்னக்குழி என்று சொன்னார். இரண்டும் ஒத்துப்போகும்போது ஆங்கிலத்தின் ஒரு பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதற்கு மூலத்துக்கு உண்மை என்று பெயர் இல்லை.

இன்னொரு வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. எலும்பின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில்தானே இது வருகிறது, அதனால் பிளவு என்பதுதான் அறிவியல்படி சரி என்பார்கள். அப்படியானால் கன்னக்குழியைப் பாருங்கள். சிரிக்கும்போது வாயோரத்தை மேலே இழுக்கிற ஒரு தசை சிலருக்கு இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கிறது, அதில் ஒரு கிளை தோலைப் பிடித்து உள்ளே இழுப்பதால்தான் கன்னத்தில் குழி விழுகிறது. பிரிந்தது என்று சொல்ல வேண்டுமானால் அங்கேதான் சொல்ல வேண்டும். ஆனாலும் பிளந்த கன்னம் என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதினால் அடிதடி நடந்த இடம் எது என்று கேட்பார்கள். உடம்பில் தெரிவதற்குப் பெயர் வைக்கும்போது தமிழ் தோலுக்கு மேலே நின்று பார்க்கிறது, தோலுக்கு அடியில் நடப்பதை விளக்கத்துக்கு விட்டுவிடுகிறது. போர்ட் லூயிக்குப் பின்னால் நிற்கிற மலையைப் பெருவிரல் என்று பொருள்பட லெ பூஸ் என்று கூப்பிட்டவர்களும் பாறையின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டு பெயர் வைக்கவில்லை.

சரி, கோடாக இருந்தால் குழி என்று சொல்லலாமா? சொல்லலாம். தொண்டைக்குழி வட்டமாகவா இருக்கிறது? நெஞ்சுக்குழியில் பள்ளம் எவ்வளவு ஆழம்? கண்குழி, கழுத்துக்குழி எல்லாமே உடம்பு உள்வாங்கிய இடங்கள்தான், வடிவத்துக்குக் கணக்கு இல்லை. ஐந்தாறு குழிகள் ஏற்கெனவே வரிசையாக நிற்கும்போது ஆறாவதோ ஏழாவதோ வந்து சேர்ந்தால் யாருக்கும் அகராதி பார்க்கத் தேவைப்படாது. நல்ல கலைச்சொல்லுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

தனித்தமிழ் அன்பர்கள் கவைமோவாய் என்று எழுதுவதையும் கண்டேன். அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, மோவாயைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள், ஆனால் கவை என்றால் மரக்கிளை போல இரண்டாகப் பிரிந்து நீள்வது, இது அப்படி நீளவில்லை. தாடைக்குப் பழைய சொல்லான அலகை வைத்து அலகுப் பிளவு என்பாரும் உண்டு. இந்தத் தீவில் அது ஆகவே ஆகாது. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிற எந்தக் குடும்பத்திலும் அலகு என்றால் கன்னத்திலும் நாக்கிலும் குத்திக்கொள்கிற வேல்தான். நாடிக்குழி எனக்குப் பிடித்த சொல், ஈழத்தவர் எழுதினால் மறுக்க மாட்டேன், ஆனால் நமக்கு நாடி என்றால் கையைப் பிடித்துப் பார்க்கிற நாடி. இரட்டைத் தாடை என்பதை மட்டும் மன்னிக்கவே முடியாது. கழுத்துச் சதை மடிந்து மோவாய்க்குக் கீழே இன்னொரு மோவாய் போலத் தொங்குவதற்கு உள்ள ஆங்கிலப் பெயரும் இதுவும் அவர்களுக்கு ஒன்றாகிவிட்டது.

பயிற்சித்தாளில் இன்னொரு குறையும் இருந்தது. மோவாய்க்குழி ஓங்குபண்பு, ஒரே மரபணுவால் வருவது, பெற்றோர் இருவருக்கும் இல்லையென்றால் பிள்ளைக்கு வராது என்று அடித்து எழுதியிருந்தார்கள். பழைய பாடநூல்களில் இப்படித்தான் இருந்தது, மெண்டலின் பட்டாணியைப் போல எளிதாக விளக்க ஒரு முகக்கூறு தேவைப்பட்டது. ஆனால் குடும்பங்களைப் பார்த்த ஆய்வுகளில் இருவருக்கும் இல்லாத வீட்டிலும் பிள்ளைக்கு வந்திருக்கிறது. பிறகு மரபணுத் தொகுதி முழுவதையும் அலசியபோது ஓரிடம் இல்லை, பல இடங்கள் இதில் சிறிது சிறிதாகப் பங்கு கொள்வது தெரிந்தது. பரம்பரையாக வருகிறது என்பது உண்மை, பட்டாணிக் கணக்கில் வரவில்லை. தாத்தாவுக்கு இருந்து, அப்பாவுக்கு இல்லாமல், பேத்திக்கு வந்தால் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். ஒரு குழந்தையின் வீட்டுப்பாடத்தில் இந்தத் தவறு எவ்வளவு பெரிய கேள்வியைக் கிளப்பும் என்று யோசித்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

மொழிபெயர்ப்பவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. சொல்லைப் பார்க்குமுன் பொருளைப் பாருங்கள். இதே மோவாயில் வேறொரு குழியும் வெட்டிவைத்திருக்கிறார்கள். மருத்துவ நூல்களில் மோவாய் நரம்புக்கு உள்ள பெயர் மோவாயைக் குறிக்கும் மென்டும் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஆங்கில எழுத்தில் பார்த்தால் மனத்தைக் குறிக்கும் சொல்லைப் போலவே இருக்கும். பொருள் பார்க்காமல் பெயர்த்தால் அது மன நரம்பாகிவிடும். பிரெஞ்சில் மோவாய்க்கு மான்தோன் என்று படித்த மொரீஷியஸ் பிள்ளை இந்த இடத்தில் தடுக்கியே விழாது. நம் கையில் இருக்கிற வசதி அது, பயன்படுத்திக்கொள்ளலாமே.

1998இல் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம் மக்கள் எவ்வளவு கொதித்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, அடுத்த ஆண்டு பழைய வரிசையிலேயே வந்தன. எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு அவ்வளவு அக்கறை காட்டிய நாம், அந்த எழுத்தில் நம் பிள்ளைகளுக்கு என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்பதற்குப் பாதி அக்கறையாவது காட்ட வேண்டாமா? சென்னையிலோ மதுரையிலோ ஒரு பிள்ளை பிளந்த தாடை என்று படித்தால், தெருவும் வீடும் சேர்ந்து அதை ஒரு வாரத்தில் திருத்திவிடும். இங்கே தமிழ் பிள்ளைக்கு அச்சில்தான் கிடைக்கிறது. தாளில் இருப்பதே அவளுக்குத் தமிழ். திருத்த ஒரு பாட்டி எல்லா வீட்டிலும் இல்லை.

பயிற்சித்தாளை நான் திருத்தி ஆசிரியரிடம் அனுப்பியிருக்கிறேன். ‘உங்கள் குடும்பத்தில் யார் யாருக்கு மோவாயில் குழி விழும்?’ வகுப்பில் சின்னப் பிள்ளைகள் என்பதால் அப்படிப் பிரித்தே எழுதினேன். பெரிய வகுப்புக்கு மோவாய்க்குழி என்று சேர்த்து எழுதலாம். மருத்துவக் குறிப்பில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இருக்கிறபடியே இருக்கட்டும், அவற்றைத் தொட வேண்டாம்.