விளக்கெண்ணெய் குடித்தால் வலி வருமா?

டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி தாண்டிவிட்டது, வயிற்றுக்குள் இருப்பவர் கிளம்புவதாக இல்லை. அப்போதுதான் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள்: நிறைய நட, அன்னாசி சாப்பிடு, விளக்கெண்ணெய் குடி.

முதலில் அந்தத் தேதியைப் பார்ப்போம். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் போட்ட கணக்கு அது. நூற்றில் நான்கைந்து குழந்தைகள்தான் அதே நாளில் பிறக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு 37 முதல் 42 வாரத்துக்குள் வலி தானாகவே வந்துவிடும். ஆகவே 40-வது வாரத்தில் எதைச் சாப்பிட்டாலும் அடுத்த சில நாளில் வலி வர நல்ல வாய்ப்பு உண்டு. பெயர் என்னவோ அன்னாசிக்குப் போய்விடுகிறது! அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி கருப்பை வாயை இளக்கும் என்பார்கள். அதில் பெரும்பகுதி வயிற்றிலேயே செரித்துப்போகும்.

வலி தொடங்க இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். மாதக்கணக்கில் இறுகி மூடியிருந்த கருப்பை வாய் இளக வேண்டும். புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள் அங்குள்ள கொலாஜன் நார்களைத் தளர்த்துவது அதற்காகத்தான். அப்புறம் கருப்பைத் தசை சுருங்கி விரிய வேண்டும். அதைத் தூண்டுவது ஆக்சிடோசின் ஹார்மோன். கடைசி வாரங்களில் அந்தத் தசையில் ஆக்சிடோசினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் பல மடங்கு பெருகுகின்றன. அவை பெருகாதவரை ஹார்மோன் வந்தாலும் கருப்பை பெரிதாகக் கண்டுகொள்ளாது.

விளக்கெண்ணெய் விஷயம் சுவாரசியமானது. குடலைக் கலக்குவதால் பக்கத்திலுள்ள கருப்பையும் கலங்குகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2012-இல் எலிகளில் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது. எண்ணெய் குடலில் உடைந்து ரிசினோலிக் அமிலம் வெளிவருகிறது. புராஸ்டாகிளாண்டினுக்கான ஈபி3 என்ற ஏற்பியை அது தூண்டுகிறது. அந்த ஏற்பி குடலிலும் இருக்கிறது, கருப்பையிலும் இருக்கிறது. ஏற்பியே இல்லாத எலிகளிடம் எண்ணெய் பலிக்கவில்லை.

ஆக, பாட்டி வைத்தியத்துக்குப் பின்னால் உண்மையான வேதியியல் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு ஏற்பியைத் தட்டினால் குடல், கருப்பை இரண்டும் கிளம்பிவிடும் என்பதுதான் சிக்கல். வாந்தி, பேதி, நீரிழப்பு என்று ஒரு நாள் முழுக்கப் படுத்திவிட்டால், பிரசவத்துக்குத் தேவையான தெம்பு எங்கிருந்து வரும்? எனக்கு அது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

மார்புக் காம்பைத் தூண்டுவதற்கும் அடிப்படை உண்டு. குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் அதே ஆக்சிடோசின்தான் இதிலும் சுரக்கிறது. கருப்பை வாய் ஏற்கெனவே இளகியிருந்தால் பலிக்கலாம். அளவு மீறினால் கருப்பை இடைவெளி இல்லாமல் சுருங்கி, குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். தாம்பத்திய உறவைச் சொல்வதும் விந்தில் புராஸ்டாகிளாண்டின் இருப்பதால்தான். சோதனைகளில் தெளிவான பலன் தெரியவில்லை. நடப்பது உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான்.

முன்பு சிசேரியன் ஆனவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், குழந்தை தலை திரும்பாதவர்கள் இவை எதையும் தாங்களாக முயலக் கூடாது. மற்றவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, எண்ணெய்க் குப்பியைத் தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.